மயிற்பொறி இறங்கிய இடம்

1

தமிழில் விமானம் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நம்மவர்கள் நேராகப் பழைய ஏட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு கோஷ்டிக்குப் புஷ்பக விமானம். இன்னொரு கோஷ்டிக்குப் புறநானூற்றுப் பாட்டொன்றில் வரும் ஓட்டுநர் இல்லாத வான ஊர்தி. 'அப்பவே நம்மகிட்ட இருந்துச்சு' என்பதுதான் இரண்டுக்கும் சாரம். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். இந்த இரண்டு பெருமைகளுக்கும் நடுவில் கேட்பாரற்றுக் கிடக்கிற மூன்றாவது விமானம் ஒன்று உண்டு: சீவக சிந்தாமணியின் மயிற்பொறி.

கதை தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். அமைச்சன் கட்டியங்காரன் அரசைப் பறிக்கிறான். மன்னன் சச்சந்தன் நிறைகர்ப்பிணியான விசயையை மயில் வடிவப் பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போரிட்டுச் சாகிறான். வானத்தில் போய்க்கொண்டிருப்பவள் காதில் கட்டியங்காரனின் வெற்றி முரசு விழுகிறது. மயங்குகிறாள். பொறியைத் திருகிய கை நிற்கிறது. மயில் தானாக இறங்குகிறது. இறங்கிய இடம் சுடுகாடு. அங்கேதான் பிள்ளை பெறுகிறாள்.

இந்தப் பகுதியைத் 'தமிழரின் பொறியியல் அறிவு' என்ற தலைப்பின் கீழ் நோட்ஸ் எடுத்துத்தான் நாமெல்லாம் பாஸ் பண்ணினோம். ஏறியது யார், எதற்காக ஏறினாள், எங்கே இறங்கினாள் என்று கேட்டதில்லை. கேட்டால் கிடைக்கிற பதில் பெருமைப்படும்படியாக இல்லை. நமது காவியத்தின் விமானப் பயணி ஓர் அகதி. ஆட்சிக் கவிழ்ப்பில் புருஷனை இழந்து, வயிற்றுப் பிள்ளையோடு தப்பியவள். திருத்தக்கதேவர் பறத்தலை வியந்துகொண்டு அங்கேயே நிற்கவில்லை. அவளைச் சுடுகாட்டில் இறக்கிவிட்டுத்தான் காவியத்தைத் தொடங்குகிறார்.

கண்டங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் செல்லும் நெடுந்தூர வான்வழிகளின் வரலாற்றையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பறக்கும் இடத்திலிருந்து எழுதினால் அது வேகத்தின் கதை: ஏழு நாள் ஒரு நாளாகி, ஒரு நாள் பதினேழு மணி நேரமான கதை. இறங்கும் இடத்திலிருந்து எழுதினால் வேறு ஆட்கள் வருவார்கள், வேறு ஊர்கள் வரும். மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுபாதையின் கோட்டை வடமேற்கே நீட்டினால் பூந்தமல்லிப் பக்கம் வந்து சேரும். அந்தப் பூந்தமல்லியில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2

வான்வழி என்று வானத்தில் ஒரு கோடும் கிடையாது. அது தரையில் போடப்படுவது. 1929 மார்ச்சில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி லண்டனிலிருந்து கராச்சிக்குத் தொடங்கிய சேவையைப் பாருங்கள். லண்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை விமானம். அங்கிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை ரயில். பிறகு கடல் விமானத்தில் அலெக்சாந்திரியா. மறுபடி தரை விமானத்தில் பாக்தாத், பாஸ்ரா, வளைகுடாக் கரையோரமாகக் கராச்சி. ஏழு நாள் பயணம், டிக்கெட் 130 பவுன். அன்றைய என்ஜினுக்குச் சில நூறு மைலுக்கு ஒருமுறை இறங்கிப் பெட்ரோல் போட்டாக வேண்டும். இறங்குகிற இடத்தில் வயர்லெஸ் வேண்டும், படுக்கை வேண்டும், காவல் வேண்டும். அதாவது, சில நூறு மைலுக்கு ஒருமுறை சொன்னபடி கேட்கிற ஓர் அரசு வேண்டும்.

பாரசீகம் சொன்னபடி கேட்கவில்லை. தன் கரையோரமாகப் பறக்கக் கொடுத்த அனுமதியை நீட்டிக்க மறுத்தது. உடனே 1932இல் வழி எதிர்க்கரைக்கு மாறியது. ஷார்ஜா ஷேக்குக்கு வாடகை பேசி ஓடுபாதை போட்டார்கள். பயணிகள் இரவு தங்கக் கோட்டை போல் ஒரு விடுதி கட்டினார்கள். அந்தக் கட்டடம் 'அல் மஹட்டா' என்ற பெயரில் இன்று மியூசியம். மஹட்டா என்றால் நிலையம். வளைகுடாவின் வானூர்தி வரலாறு எண்ணெயில் தொடங்கவில்லை. இந்தியாவுக்குப் போகிற பிரிட்டிஷ்காரன் ராத்திரி படுத்து எழுந்திருக்க ஓர் இடம் தேவைப்பட்டதில் தொடங்கியது.

1933 முடிவதற்குள் வழி டில்லி, கல்கத்தா, ரங்கூன் தாண்டிச் சிங்கப்பூருக்கும், 1935இல் பயணிகளோடு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கும் நீண்டது. இந்தப் பெரிய கோட்டில் சென்னை இல்லை. ரயில்வே பாஷையில் சொன்னால் நாம் கிளை லைன். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சின்ன பஸ் மாத் விமானத்தைக் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அதில் வந்து இறங்கியது லண்டனிலிருந்து கராச்சிக்கு வந்த தபால். மனுஷனுக்கு முன்னால் கடிதம் பறந்தது. அதுவும் யார் கடிதம்? சர்க்காருடையதும் கம்பெனிகளுடையதும். தோட்டத்துக்குக் கூலியாகப் போனவன் ஊருக்கு எழுதியது கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது.

போர் வந்தது. 1942இல் சிங்கப்பூர் விழுந்ததும் லண்டன்–ஆஸ்திரேலியா வழி நடுவில் அறுந்துபோனது. அதை ஒட்டுப்போட்ட இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: இலங்கையில் காலிக்கு அருகே கொக்கல ஏரி. 1943 ஜூலை முதல் 1945 வரை குவாண்டாஸ் கம்பெனியின் கேட்டலினா கடல் விமானங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும் கொக்கலவுக்கும் இடையே எங்கும் இறங்காமல் பறந்தன. 27 முதல் 33 மணி நேரம். வயர்லெஸ்ஸை வாய்மூட வைத்து, நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டு, ஜப்பானியர் கண்ணில் படாமல் போக வேண்டும். பெட்ரோல் கனம் போக மூன்று பயணிகளுக்குத்தான் இடம். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்தவர்கள் என்று அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். உலக விமான வரலாறுகளில் இது ஒரு காவியம். சாகசம்தான், மறுக்கவில்லை.

கொக்கலவில் சூரிய உதயம் எப்படி இருந்தது? விமானத் தளத்துக்காக 1942இல் அந்தக் கிராமத்து ஜனங்களைக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. ஊர் போன பிறகும் அவர் வீடு மட்டும் தப்பி நின்றது, இன்று நாட்டார் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது. கேட்டலினாக்கள் ஏரியில் இறங்கிக்கொண்டிருந்த 1944இல்தான் அவருடைய 'கம்பெரலிய' வெளிவந்தது. பணம் உள்ளே நுழைந்து ஒரு கிராமத்துப் பெரிய வீடு சரிவதைச் சொல்லும் நாவல். அதில் விமானத் தளம் வராது. ஆனால் ஒரு கிராமம் இருந்தது என்பதற்கு அந்த நாவலே சாட்சியாகிவிட்டது. பெர்த்திலிருந்து பார்த்தால் கொக்கல ஒரு முனை. கொக்கலவிலிருந்து பார்த்தால் ஒரு முடிவு.

3

போர் முடியும் முன்னரே வானத்தைப் பங்கு பிரிக்கும் பேச்சு தொடங்கிவிட்டது. 1944 டிசம்பரில் சிகாகோவில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கூடிப் பேசி 'வானின் சுதந்திரங்கள்' என்று ஒரு பட்டியல் வகுத்தன. நின்றுவிடாமல் மேலே பறந்து போகும் சுதந்திரம் ஒன்று. பெட்ரோலுக்கும் பழுதுபார்க்கவும் இறங்கும் சுதந்திரம் இரண்டு. தன் நாட்டிலிருந்து ஆள் கொண்டுபோய் இறக்குவது, அங்கிருந்து ஆள் ஏற்றிவருவது, வழியிலுள்ள வேறு நாடுகளுக்கு இடையே ஏற்றி இறக்குவது என்று ஐந்து. பின்னால் இது ஒன்பதாகப் பெருத்தது. சுதந்திரம் என்ற சொல்லை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்திய வேறு சட்ட ஆவணம் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்பதில் ஒன்றுகூட மனுஷனுடையது இல்லை. எல்லாம் விமானத்தினுடையது, விமானத்தின் வாலில் எழுதியிருக்கிற நாட்டினுடையது. பயணி என்பவன் இந்தச் சுதந்திரத்தின் சரக்கு.

ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குத் தன் முதல் சர்வதேசச் சேவையைத் தொடங்கியது. விமானத்தின் பெயர் 'மலபார் பிரின்சஸ்'. சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷத்துக்குள் சொந்த விமானத்தில் லண்டனுக்குப் போவதில் ஒரு நியாயமான பெருமை இருந்தது. மகாராஜாக்களும் தொழிலதிபர்களும் போன அந்த முதல் பயணம்தான் ஆல்பங்களில் இருக்கிறது. அதே விமானத்தின் கடைசிப் பயணம் எந்த ஆல்பத்திலும் இல்லை. 1950 நவம்பர் 3 அன்று அது ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தில் மோதியது. 48 பேரும் செத்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் பிரிட்டனில் கப்பலேறப் போய்க்கொண்டிருந்த இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். கப்பலில் கரியும் எண்ணெயும் சுமக்கிறவனைக் கப்பலுக்கே விமானத்தில் அனுப்புகிற அளவுக்கு முதலாளிக்கு நேரம் பணமாகியிருந்தது. இளவரசியின் வயிற்றில் போனவர்கள் கூலிகள்.

1966 ஜனவரியில் இன்னொரு ஏர் இந்தியா விமானமான 'கஞ்சன்ஜங்கா' அதே மோன் பிளாங்கில் மோதி 117 பேர் இறந்தார்கள். அதில் ஹோமி பாபா இருந்ததால் அது நாட்டின் நினைவில் இருக்கிறது. 1950இன் கப்பல்காரர்களை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? ஒரு பிரெஞ்சு நாவல் வைத்திருந்தது, தன் வசதிப்படி. அந்த விபத்தின் தூண்டுதலில் ஆன்றி த்ரோயா 1952இல் எழுதிய நாவலை 1956இல் 'தி மவுண்டன்' என்ற பெயரில் ஹாலிவுட் படமாக்கியது. உடைந்த விமானத்தைக் கொள்ளையடிக்க மலையேறும் தம்பி, தடுக்கப் பார்க்கும் அண்ணன். மேலே போனால் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள்: ஓர் இளம் இந்துப் பெண். நாற்பது கூலிக்காரர்களை வைத்துக்கொண்டு ஐரோப்பிய மனசாட்சியைச் சோதிக்க முடியாது போலிருக்கிறது. காப்பாற்றத் தகுந்த ஓர் அழகான உடல் தேவைப்பட்டது. பிரதியிலிருந்து ஆட்களை வெளியேற்றுவதற்குக் கொக்கலவைப் போலப் பட்டாளம்கூடத் தேவையில்லை, ஒரு திரைக்கதை போதும்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தமிழ்நாட்டுச் சாதாரண ஜனங்களின் கண்டம் தாண்டும் வழி எது? கப்பல். 1926இல் கட்டிய 'ரஜூலா' சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1973 வரை ஓடியது. டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் பல லட்சம் பேர். அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்துபோனது. ஏழைகள் விமானம் ஏறியதை முன்னேற்றம் என்று எழுதுகிறார்கள். டெக் டிக்கெட் ஒழிந்த பிறகு வேறு வழி இல்லாமல் கடன் வாங்கி ஏறினார்கள் என்றும் எழுதலாம்.

4

இனி நம் எழுத்துக்கு வருவோம். தமிழ்ப் பயண இலக்கியத்தின் பெரிய பெயர் ஏ.கே. செட்டியார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்றே அவருக்குப் பட்டம். 1930களில் அவர் சுற்றியது பெரும்பாலும் கப்பலிலும் ரயிலிலும். மெதுவாகப் போனவர் என்பதால் வழி அவர் எழுத்தில் இருக்கிறது. பக்கத்து பெர்த் ஆள் இருக்கிறான், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் இருக்கிறான். தன்னைப் பற்றிக் குறைவாகவும் எதிர்ப்பட்டவரைப் பற்றி அதிகமாகவும் எழுதியவர்.

ஜெட் வந்ததும் இந்த வழி காணாமல் போகிறது. மணியன் ஆனந்த விகடனில் எழுதிய 'இதயம் பேசுகிறது' தொடரை நம் அம்மாக்கள் கத்தரித்து பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. எட்டு டாலருக்கு மேல் கையில் கொண்டுபோக முடியாத, ரிசர்வ் வங்கியின் 'பி' ஃபாரம் இல்லாமல் டிக்கெட் வாங்க முடியாத காலத்தில், ஆவடி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்திருக்கிற ஒரு குடும்பத்துக்கு உலகம் என்று ஒன்று இருப்பதை அது காட்டியது. ஆனால் அந்த எழுத்தின் இலக்கணம் என்ன? ஏறினேன், இறங்கினேன், நண்பர் காரோடு காத்திருந்தார். நடுவில் இருப்பது மேகம். சினிமாவும் இதே இலக்கணத்தில்தான் பறந்தது. 1973இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' ஒசாகாவின் எக்ஸ்போ 70 கண்காட்சியையும் சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் ஒட்டுப்போட்டு ஒரே கனவாக்கியது. ரஜூலா தன் கடைசிப் பயணத்தை முடித்ததும் அதே 1973இல்தான். திரையில் சிங்கப்பூருக்குப் பறந்த நாயகனுக்குக் கைதட்டியவர்களின் சித்தப்பனும் மாமனும் டெக்கில் போனவர்கள். இந்த இரண்டு சிங்கப்பூரையும் ஒன்றாகப் பார்க்க நம் விமர்சனம் முயன்றதே இல்லை.

ஜன்னலோர இருக்கையின் இலக்கியம் என்று இதைச் சொல்லலாம். தூரம் என்பது அதில் ஜெயிக்கப்பட வேண்டிய எதிரி. தூரம் சிலருக்குப் பாதுகாப்பாகவும் இருக்கும், கட்டியங்காரனிடமிருந்து எவ்வளவு தூரம் என்பதே விசயையின் கணக்காக இருந்தது என்பது இந்த எழுத்துக்குத் தெரியாது.

5

அதைத் தெரிந்தவர்கள் 1983க்குப் பிறகு வந்தார்கள். அந்த ஜூலைக்குப் பின் கொழும்பிலிருந்து கிளம்பிய ஈழத்தமிழ் இளைஞர்கள் கண்டுபிடித்த வான்வழி எந்தக் கம்பெனியும் கனவு காணாதது. ஏரோஃப்ளோட்டில் மாஸ்கோ. அங்கிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் நிலையம். பிறகு லோக்கல் ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். பெர்லின் ஒரே நகரம் என்று சொல்லிக்கொண்டிருந்த மேற்கு நாடுகள் நடுவில் இருப்பதை எல்லை என்று ஒப்புக்கொள்ளாததால் அங்கே பாஸ்போர்ட் சோதனை வைக்கவில்லை. வல்லரசுகளின் வீம்பில் விழுந்திருந்த ஓட்டை வழியே யாழ்ப்பாணத்துப் பையன்கள் நுழைந்தார்கள். 1985இல் பான் அரசு நெருக்கிக் கேட்க, கிழக்கு ஜெர்மனி இலங்கையருக்கு அந்த வழியை அடைத்தது. ஒரு சோஷலிச அரசும் ஒரு முதலாளிய அரசும் பனிப்போரின் நடுவில் கைகுலுக்கிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

அதே 1985இல் பிரிட்டன் இலங்கைக் குடிமக்களுக்கு விசா கட்டாயம் என்றது. காமன்வெல்த் நாடு ஒன்றின் மேல் அது அப்படி விதித்தது அதுவே முதல்முறை. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்துவந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஓடுதளத்திலேயே உள்ளாடையோடு நின்றார்கள். உடுப்பைக் கழற்றினால் விமானத்தில் ஏற்ற முடியாது என்பது ஒரு நிராயுதபாணியின் யோசனை. அடுத்த மாதமே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. சரியான தாள் இல்லாத ஆளைக் கொண்டுவந்தால் ஆளுக்கு 1000 பவுன் அபராதம் விமானக் கம்பெனிக்கு. 1991இல் அது 2000 ஆனது. மற்ற மேற்கு நாடுகளும் இதே பாதையில் போயின.

இந்தச் சட்டம் நெடுந்தூர வான்வழியின் இயல்பையே மாற்றியது என்று சொல்வேன். எல்லை லண்டனிலிருந்து கிளம்பி மீனம்பாக்கத்துக்கும் கட்டுநாயக்கவுக்கும் வந்துவிட்டது. கவுண்டரில் சிரித்தபடி நிற்கிற கம்பெனி ஊழியர் எல்லைக் காவலராகிவிட்டார். தஞ்சம் கேட்பது சர்வதேச உரிமை, ஆனால் கேட்கிற இடத்துக்குப் போகிற விமானத்தில் ஏறுவது குற்றம். ஜம்போ ஜெட்டையும் என்ஜினையும் பற்றிய வரலாறுகளில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் வருவதில்லை. ஒரு தமிழ் விமர்சகன் எழுதினால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும். நம் உடல்களை வைத்து எழுதப்பட்ட சட்டம் அது.

இந்த வழியின் இலக்கியமும் வந்தது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) ஓர் அகதி விண்ணப்பக் கடிதமாகத் தொடங்குவது வெறும் உத்தி இல்லை. வாழ்க்கையை மனுவாக மாற்றினால்தான் இறங்க அனுமதி. அதிகாரி நம்புகிற கதையும் நடந்த கதையும் வேறுவேறு. அ. முத்துலிங்கத்தின் 'கடவுள் தொடங்கிய இடம்' கிட்டத்தட்ட முழுக்கவே காத்திருப்பு. அடைத்த அறைகள், ஏஜெண்டின் போன், கைமாறும் பாஸ்போர்ட், மறுபடி அறை. அதில் பறப்பது சில பக்கம், காத்திருப்பது வருஷக்கணக்கு. அதை வெளியிட்டது விகடன். மணியன் ஏறி இறங்கிய அதே பத்திரிகை வீட்டுக்கு, இறங்க முடியாதவனின் கதை வந்து சேரச் சில பத்தாண்டுகள் ஆயின.

6

இங்கே நம் சொந்தக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகளில் 'நாடோடி', 'எல்லை கடத்தல்', 'இடமற்ற தன்னிலை' என்ற சொற்கள் புழங்கின. தேசம், சாதி, குடும்பம் என்ற கூடுகளை உடைக்க அவை உதவின, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நாடோடி என்ற சொல்லைச் சந்தோஷமாக உச்சரித்தவர்களில் பலருக்கு ரேஷன் கார்டும் நிரந்தர உத்தியோகமும் இருந்தன. அந்தச் சொற்களில் நாம் மூழ்கியிருந்த அதே ஆண்டுகளில் பூந்தமல்லியில் என்ன இருந்தது? ராஜீவ் கொலை வழக்குக்கான தடா சிறப்பு நீதிமன்றம். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று அது தீர்ப்புச் சொன்னது. பிறகு அதே பூந்தமல்லியில் ஈழத்தமிழர்களை அடைத்த 'சிறப்பு முகாம்'. வழக்கில் ஜாமீன் கிடைத்தவரையும்கூட அன்றிருந்த 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் ஓர் உத்தரவில் உள்ளே வைத்துக்கொள்ள முடிந்தது. சிறை என்றால் தண்டனைக்கு ஒரு தேதி இருக்கும், முகாமுக்கு அதுவும் கிடையாது. விடக் கோரி அங்கே உண்ணாவிரதங்கள் நடந்தன. செங்கல்பட்டு, பூந்தமல்லி, திருச்சி என்று இடம் மாறியதே தவிர ஏற்பாடு மாறவில்லை. தலைக்கு மேலே விமானம் இறங்குகிற சத்தம் கேட்கிற இடத்தில், எங்கேயும் ஏற முடியாமல் அடைந்துகிடந்தவர்களைப் பற்றி நாம் எத்தனை பக்கம் எழுதினோம்? எழுதியவர்கள் உண்டு. எண்ணிவிடலாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நிற்கிற பையனுக்கு வேறு முத்திரை. பத்தாவது தேறவில்லை என்றால் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அவன் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' விழும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்றுக்காரரிடமிருந்து காப்பாற்றத்தான் இது என்று அரசு சொல்லும், ஓரளவு உண்மையும் கூட. ஆனால் ஒரே விமானத்தில் ஒருவன் பாஸ்போர்ட் வெறும் புத்தகமாகவும் பக்கத்து சீட்காரன் பாஸ்போர்ட் அவன் படிப்பைக் காட்டிக்கொடுக்கும் புத்தகமாகவும் இருப்பதைக் கவனியுங்கள். இவன் இறங்குகிற இடம் அதே ஷார்ஜா கரை. 1932இல் சாகிப்களுக்குக் கோட்டை விடுதி, இவனுக்கு லேபர் கேம்ப்.

மேலே இன்னொரு உலகம் நிறுத்தங்களை ஒழித்துக்கொண்டே போகிறது. 1989இல் குவாண்டாஸின் புது ஜம்போ ஒன்று ஆள் அதிகம் இல்லாமல் லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் பறந்து காட்டியது. 2018 மார்ச்சில் பெர்த்–லண்டன் நேரடி, சுமார் 17 மணி நேரம். 2020 முதல் சிங்கப்பூர்–நியூயார்க், 18 மணி நேரத்துக்கு மேல். சிட்னி–லண்டன் நேரடிச் சேவைக்குக் குவாண்டாஸ் வைத்திருக்கிற பெயர் 'பிராஜெக்ட் சன்ரைஸ்', அந்தக் கேட்டலினாக்களின் இரண்டு சூரியோதயத்தை நினைவுபடுத்தி. கொக்கல அந்தப் பெயரில் எங்கேயும் இல்லை. இந்த நிற்காத பறத்தலும் எவ்வளவு நொய்மையானது என்பதை 2025 ஏப்ரலில் பார்த்தோம். பாகிஸ்தான் வான்வெளியை மூடியதும் டில்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில வியன்னாவில் இறங்கி எண்ணெய் போட வேண்டியதாயிற்று. 1932இல் பாரசீகம் செய்த அதே வேலை. எந்த விமானமும் அரசியலைத் தாண்டிப் பறப்பதில்லை.

7

கடைசியாக, இறங்கும் இடம் இன்று நம் பக்கத்திலேயே வருகிறது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போனால் பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். ஏகனாபுரம், நெல்வாய், தண்டலம், நாகப்பட்டு என்று ஊர்கள். நெல் வயலும் ஏரியும் கால்வாயுமான பூமி. ஏகனாபுரத்து ஜனங்கள் வேலை முடித்து வந்து ராத்திரியில் கூடி உட்கார்ந்தார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 2025இல் போராட்டம் ஆயிரம் நாளைக் கடந்தது. பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை மெட்ரோ நீட்டிப்புத் திட்டமும் கூடவே வந்திருக்கிறது. இங்கே ரியல் எஸ்டேட்காரர்களுக்கு ஒரே குஷி.

'நேரடி விமானம் வேணாமா? பெங்களூரும் ஹைதராபாத்தும் முந்திப் போறது தெரியலையா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. மீனம்பாக்கம் நெருக்கடியில் இருப்பது உண்மை. வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற வெல்டருக்கும், டொரண்டோவிலிருந்து சாவுக்கு வருகிற மகளுக்கும் நடுவில் ஒரு நிறுத்தம் குறைந்தால் அது பெரிய விஷயம்தான். விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நிறுத்தத்தைக் குறைக்க எத்தனை ஊரை நிறுத்துகிறோம் என்ற கணக்கு திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். நீரின் கணக்கும்தான். 2015 டிசம்பரில் அடையாறு மீனம்பாக்கத்துக்குள் புகுந்து நிலையத்தைப் பல நாள் மூட வைத்தபோது, அரக்கோணம் கடற்படைத் தளத்தில் பயணிகள் விமானங்களை இறக்கினோம். அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு அடுத்த நிலையத்தை மறுபடி ஏரிகளின் நடுவில் தேடுகிறோம்.

1955இல் ஆவடியில் கூடித்தான் காங்கிரஸ் 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமை ஆகியிருந்தன. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மறுபடி டாட்டா கைக்குப் போனது. பொதுத்துறையாக இருந்தபோதும் அது பொதுவாக இருந்ததா என்பது தனி விவாதம். ஆனால் கம்பெனி தனியாருடையது, நிலம் எடுப்பது மட்டும் 'பொது நோக்கத்துக்காக' என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜன்னலோர இருக்கையிலிருந்து நிறைய எழுதியாகிவிட்டது. ஏகனாபுரத்துக் கிராம சபைத் தீர்மானங்கள் தமிழ் உரைநடைதான். அவற்றையும் ஹீத்ரோவில் எழுதித் தள்ளிய மனுக்களையும் முகாமிலிருந்து வந்த கடிதங்களையும் பயண இலக்கியம் என்ற அலமாரியில் வைத்துப் படிக்கத் தொடங்குவோம். கொக்கலவுக்கு ஒரு விக்கிரமசிங்க இருந்தார். பரந்தூர்ப் பக்கத்து ஊர்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன, இருக்கும்போதே எழுதலாம். மயிற்பொறியின் சாவியை எந்தப் பக்கம் திருகினால் எழும்பும் என்று விளக்கியது போதும். அது இறங்கிய சுடுகாட்டில் ஒருத்தி பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறாள்.